மயில் சேவலின் குறை

சேவல் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ராக்கம்மாளிடம் முதல் நாள் போனபோது, இன்னாசி ஒரு அளவு நாடாவும் நோட்டும் கொண்டுபோனார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ராக்கம்மாளுக்கு நாற்பத்து மூன்று. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிளிமூக்குச் சேவல் வளர்க்கிறாள். கிளிக்கு இருப்பது போல வளைந்த மூக்கு, விசிறி போல விரிந்த வால். இந்தச் சேவல்களைச் சண்டைக்கு விடுவதில்லை. அழகுக்காக வளர்ப்பார்கள், கண்காட்சிக்குக் கொண்டுபோவார்கள். அந்த வட்டாரத்தில் யார் சேவல் வாங்கினாலும் ராக்கம்மாளிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் வாங்குவார்கள்.

இன்னாசி காட்டாமல் வாங்கிவிட்டார்.

"போன வருசம் கண்காட்சியில ரெண்டாவதா வந்த சேவல் தாயி" என்றார். "மூக்கு, கழுத்து, வால், உயரம் எல்லாம் அளந்து பாத்துத்தான் வாங்குனேன். ரெண்டு அடை வச்சாச்சு. ஒரு குஞ்சு கூட அது மாதிரி வரல. பாதி செத்துப்போச்சு."

"சேவலை எவ்வளவு நேரம் பாத்தீக?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"வேற என்ன பாத்தீக?"

"வேற என்ன பாக்கணும்?"

ராக்கம்மாள் கையிலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நாளைக்குக் காலையில வாங்க சர்வேயரய்யா" என்றாள்.

மறுநாள் அவர் வந்ததும் ஒரு கல்லில் உட்காரச் சொன்னாள். துண்டை எடுத்து அவர் கண்ணைக் கட்டினாள். ஒரு சேவலைத் தூக்கிவந்து மடியில் வைத்தாள்.

"என்ன தெரியுது?"

"நல்ல கனம்."

"அப்புறம்?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

"யாரு நெஞ்சு?"

இன்னாசி சேவலின் மார்பில் வைத்திருந்த கையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார். சேவல் அமைதியாக இருந்தது. அடித்துக்கொண்டது அவருடைய நெஞ்சுதான்.

"அது அடங்கட்டும்" என்றாள் ராக்கம்மாள். "அப்புறந்தான் கைக்கு எலும்பு தெரியும்."

நான்கு நாள் அப்படியே போயிற்று. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சேவலை இறக்கி இன்னொரு சேவலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள், மூன்றாவதாக வந்த சேவலின் நெஞ்செலும்பில் அவர் விரல் ஒரு இடத்தில் வழுக்கி ஒதுங்கியது. திரும்பவும் தடவினார். திரும்பவும் அதே இடத்தில் ஒதுங்கியது.

"இதுக்கு எலும்பு கோணல்" என்றார்.

"கண்ணுக்கட்டை அவுத்துப் பாருங்க."

அவிழ்த்துப் பார்த்தார். அன்றைக்கு அவள் எடுத்து வைத்த மூன்றில் பார்க்க லட்சணமானது அதுதான். கண்ணைத் திறந்துகொண்டு பார்த்திருந்தால் அதைத்தான் முதலில் வாங்கியிருப்பார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். தலை குனிந்து ஒரு பக்கம் எழுதினார்.

"எழுதிட்டீகளா?"

"எழுதிட்டேன் தாயி."

"இப்ப அந்தா நிக்குற சேவலு முன்னாடி ஒரு பிடி கம்பை எறிஞ்சேனே, அது என்ன செஞ்சுச்சு?"

"எறிஞ்சீங்களா?"

"எறிஞ்சேன். சேவலு திங்கல. சத்தம் கொடுத்துப் பெட்டைகளைக் கூப்பிட்டுச்சு. அதுக தின்னு முடிச்சப்புறம் மிச்சத்தைக் கொத்துச்சு. நீங்க எழுதிக்கிட்டிருந்தீக."

அதன் பிறகு இன்னாசி நோட்டைத் தோப்புக்குக் கொண்டுவரவில்லை. வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டார்.

தோப்பில் இரண்டு சேவல்கள் அவர் கண்ணை இழுத்தன.

ஒன்று மயில். அந்த நிறத்துக்கே மயில் என்றுதான் பெயர். கழுத்தில் பச்சையும் நீலமும் வெயிலுக்கு வெயில் மாறும். மூக்கு கிளி மூக்கேதான். வால் தரையைத் தொடாமல், ஒரு இறகு கூட விலகாமல் விரிந்து நிற்கும். மூன்று வருடமாக எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் அதுதான் முதல்.

இன்னொன்று கீரி. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். மூக்கு பரவாயில்லை. வால் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். கண்காட்சிக்குக் கொண்டுபோனால் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள்.

ராக்கம்மாள் பெட்டைகளோடு விட்டது கீரியை. மயில் தனியாக ஒரு கூண்டில் இருந்தது. அதன் குஞ்சு என்று சொல்ல அந்தத் தோப்பில் ஒன்றும் இல்லை.

"ஏன் தாயி மயிலைப் பெட்டைக்கு விடுறதில்ல?"

"அதுல ஒரு குறை இருக்கு."

"என்ன குறை?"

"கண்டுபிடிங்க. ஒரு மாசம் எடுத்துக்கோங்க."

இன்னாசி முப்பத்தைந்து வருடம் எல்லைக்கல் தேடியவர். புதருக்குள், கிணற்றுக்குள், வீட்டுச் சுவருக்குள்ளிருந்தெல்லாம் கல்லைக் கண்டெடுத்திருக்கிறார். ஒரு சேவலில் ஒரு குறையைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை என்று நினைத்தார்.

மறுநாள் சொன்னார்.

"வலது கால் செதில்ல ஒண்ணு உடைஞ்சிருக்கு."

"கம்பி கிழிச்சது. வேற?"

இரண்டு நாள் கழித்துச் சொன்னார்.

"காலையில நாலு தடவைதான் கூவுது."

"கீரி மூணு தடவை. வேற?"

தீனி போட்டுப் பார்த்தார். மயில் ஒழுங்காகப் பெட்டைகளைக் கூப்பிட்டது. கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தார். பார்வை தெளிவாக இருந்தது. குடையைப் படாரென்று விரித்துப் பார்த்தார். தோப்பிலிருந்த மற்ற சேவல்கள் எல்லாம் துள்ளிக் குதித்தன. மயில் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் குடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு மடியில் வைத்து எலும்பு எலும்பாகத் தடவினார். நெஞ்செலும்பு நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. இறக்கையை விரித்து இறகுகளை எண்ணினார். இடதும் வலதும் சரியாக இருந்தன.

வீட்டில் அவர் மனைவி ஜெபமாலை, "கல்யாணத்துக்கு முன்னால என்னைக்கூட இப்படிப் பாக்கல நீங்க" என்றாள்.

"உன்கிட்ட குறை இருக்குன்னு யாரும் சொல்லலையே."

"சொல்லிருந்தா?"

இன்னாசி நோட்டை மூடினார். நோட்டில் பதினேழு பக்கம் நிரம்பியிருந்தது. பதினேழாம் பக்கத்தின் கடைசியில், 'குறை எதுவும் இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

அந்த மாதக் கடைசியில் திண்டுக்கல்லில் கண்காட்சி. ராக்கம்மாளோடு இன்னாசியும் போனார். நூற்றுக்கணக்கான சேவல்கள். நிறத்துக்கு ஒரு சுற்று, அளவுக்கு ஒரு சுற்று, நடைக்கு ஒரு சுற்று. மயிலை மேசைமேல் ஏற்றியதும் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அது யாரையும் பார்க்காமல் கழுத்தை நீட்டி நின்றது. நடுவர்கள் மூன்று பேரும் சுற்றி வந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் குறை எதுவும் கிடைக்கவில்லை. மயில்தான் முதல்.

இன்னாசி கை தட்டினார். பிறகு தன் சேவல் ஜெயித்தது போலத் தட்டுகிறோமே என்று நிறுத்திக்கொண்டார். ராக்கம்மாள் கோப்பையைத் தீனிச் சாக்குக்குள் போட்டுக் கட்டினாள்.

உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். பெயர் சென்னியப்பன். தோட்டம், மாடு, குதிரை எல்லாம் வைத்திருப்பவர். வெள்ளை வேட்டியில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. அதைக் கவனிக்காமல் பேசினார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தச் சேவலைக் கொடுப்பீங்களா? பெட்டைக்கு விடறதுக்கு வேணுமுங்க. விலை நீங்க சொல்றதுதானுங்க."

"நாளைக்குத் தோப்புக்கு வாங்க. சேவலைப் பத்தி எங்க சர்வேயரய்யா சொல்வாரு" என்றாள் ராக்கம்மாள்.



திரும்பி வரும் வழி முழுக்க இன்னாசி வண்டியில் மயிலையே பார்த்துக்கொண்டு வந்தார். தோப்பு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

"தாயி, நாளைக்கு நான் என்ன சொல்றது? எனக்கு ஒரு குறையும் தெரியலையே."

"தேடுனீகளா?"

"தேடாத இடம் இல்ல. அந்தச் சேவல்ல நான் பாக்காத இறகு இல்ல."

"அதான்" என்றாள் ராக்கம்மாள்.

மயிலைக் கூண்டில் விட்டுவிட்டுத் தோப்பின் மறுகோடிக்கு நடந்தாள். இன்னாசி பின்னால் போனார். அங்கே கம்பிவலை அடித்த இடத்தில் ஒன்பது கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. நான்கு சேவல், ஐந்து பெட்டை. ஒன்றும் கண்ணைப் பறிக்கிற அழகில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்த்தால் முதலில் பார்த்ததையே திரும்பப் பார்ப்பது போல இருந்தது. ஒரே உயரம். ஒரே நடை. கால்கள் ஒன்று போல ஊன்றி நின்றன.

"இதெல்லாம் யாரு?"

"கீரியோட கூடப் பொறந்ததுக. ஒரே அடை. பதினொண்ணு பொரிச்சுது. ஒண்ணைப் பருந்து தூக்கிருச்சு. மிச்சம் இந்தா நிக்குது."

இன்னாசி வலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மயிலைப் பார்த்த ஒரு மாதத்தில் ஒரு நாள்கூட அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை.

"அப்ப மயிலோட கூடப் பொறந்ததுக?" என்று கேட்டார்.

ராக்கம்மாள் வேலியோரம் கை காட்டினாள். ஒரு முருங்கை மரம் நின்றது. அதன் அடியில் சருகும் மண்ணும்தான் இருந்தன.

"அதுவும் பதினொண்ணுதான் பொரிச்சுது" என்றாள். "மூணுக்குக் கொத்தித் திங்கவே தெரியல. நாலுக்குக் காலு மடங்கிருச்சு. ரெண்டு ஒரே மழையில போச்சு. ஒரு பெட்டை ஆளாகி நின்னுச்சு, ஒரு முட்டை வைக்காமயே சீக்கு வந்து விழுந்திருச்சு. பஞ்சுல தண்ணி தொட்டுத் தொட்டு ஊத்துனேன். ஒண்ணும் நிக்கல."

"எல்லாம் இங்கதானா?"

"நான்தான் புதைச்சேன்."



"முதல் நாளே சொல்லிருக்கலாமே தாயி."

"சொல்லிருந்தா எழுதிக்கிருவீக."

மறுநாள் சென்னியப்பன் வந்தார். மயிலின் கூண்டுக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். வயசு என்ன, எடை என்ன, என்ன தீனி, எப்போது இறகு உதிர்த்தது, எல்லாம் கேட்டார். இன்னாசி எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். நோட்டே தேவைப்படவில்லை.

"அப்ப ஒரு குறையும் இல்லீங்களே?"

"சேவல்ல இல்ல" என்றார் இன்னாசி.

"அப்புறம்?"

இன்னாசி பதினொன்றைப் பற்றிச் சொன்னார். பத்தும் எப்படிப் போயிற்று என்று சொன்னார். ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். சென்னியப்பன் கேட்டுவிட்டு ராக்கம்மாளைப் பார்த்தார். சேவலைக் கொடுக்க மனசில்லாமல் கதை சொல்கிறார்களோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது.

"கூடப் பொறந்ததை எல்லாம் யாருங்க பாப்பாங்க? இத்தனை அழகு ஒண்ணுல இருக்குதுன்னா, அது ரத்தத்துல இல்லாம எங்கிருந்துங்க வரும்?"

"வரும்" என்றாள் ராக்கம்மாள். "ஒரு தடவை வரும்."

"அந்த ஒரு தடவை எனக்கு வந்தாப் போதுமுங்க."

"உங்களுக்கு வரும். கோப்பை வாங்குவீக. குஞ்சுக்கு வராது."

"சரி, பெட்டைக்கு விடல. கண்காட்சிக்கு மட்டும் வச்சுக்கறேன்."

"நெசமாவா?"

சென்னியப்பன் மறுபடி மயிலைப் பார்த்தார். அது வெயிலில் கழுத்தைத் திருப்பியது. பச்சை நீலமாகி மறுபடி பச்சையாயிற்று.

"பொய் சொல்ல வரலீங்க" என்றார் கடைசியில். "இதைக் கொண்டுபோயிச் சும்மா நிறுத்தி வைக்க என்னால ஆகாது."

இன்னாசி அவரை மறுகோடிக்கு அழைத்துப்போய் அந்த ஒன்பதையும் காட்டினார். அதில் ஒரே ஒரு சேவலைக் கொண்டுபோய்ப் பெட்டைக்கு விட்டுப் பாருங்கள் என்றார். சென்னியப்பன் மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்தார். "நம்ம ஊருச் சந்தையில இருக்கற மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இன்னாசி வலைக்குப் பக்கத்திலேயே நின்றார். ராக்கம்மாள் சோளம் கொண்டுவந்து இறைத்தாள்.

"சரியாச் சொன்னீக" என்றாள்.

அவர் அதைக் கேட்டது போலத் தெரியவில்லை.

"எங்க வீட்டுல நாங்க அஞ்சு பேரு" என்றார்.

ராக்கம்மாள் கையை நிறுத்தினாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

இன்னாசி கடைக்குட்டி. அவருடைய அப்பாவுக்கு வானம் பார்த்த பூமி கொஞ்சம் இருந்தது. பங்குச் சாமியார், பையன் கணக்கில் கெட்டி, படிக்க வைக்கலாம் என்று சொன்னார். பள்ளிக்கூடத்துக்காகப் பாதி நிலம் போயிற்று. சர்வேயர் பயிற்சிக்காக மீதியும் போயிற்று. நிலம் இல்லாமல் போனதால் இரண்டு அண்ணன்களும் கல்குவாரிக்குப் போனார்கள். இருவரும் நாற்பது வயதைத் தாண்டவில்லை. இருமி இருமியே போனார்கள். பெரிய அக்கா முதல் பிரசவத்தில் இறந்தாள். சின்ன அக்கா சவரியம்மாள் மட்டும் இருந்தாள். அறுபத்தெட்டு வயது. பக்கத்து ஊர் ஒன்றில் கூலிக்கு மல்லிகை எடுத்துக்கொண்டிருந்தாள்.

இன்னாசி ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். சாதாரணக் குடும்பத்தில் பிறந்து இந்த நிலைக்கு வந்தவர் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். மாலையும் சால்வையும் போட்டார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. கூடப் பிறந்தவர்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சவரியம்மாளுக்கு அவர் சொல்லி அனுப்பவும் இல்லை.

இப்போது, தோப்புக்கு வராத முதல் நாள், அவர் போய் நின்றபோது சவரியம்மாள் மல்லிகைத் தோட்டத்தில் இருந்தாள். அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது. இடுப்பில் கட்டிய துணிப்பைக்குள் மொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

"ஏன்டா, வீட்டுல எல்லாரும் சொகந்தான?" என்று பதறினாள்.

"சொகந்தான் அக்கா. சும்மா வந்தேன்."

"சும்மா வர்றவனா நீ?"

இன்னாசி பக்கத்துச் செடியில் கை வைத்தார்.

"நசுக்காதடா. காம்போட எடு."

இருவரும் ஒரு வரிசையை முடித்தார்கள். அவர் பத்து மொட்டு எடுப்பதற்குள் அவள் ஒரு செடியை முடித்துவிட்டாள்.

"அக்கா, என் மேல உனக்குக் கோவம் இல்லையா?"

"எதுக்கு?"

"எல்லாம் எனக்கே போச்சே."

"கோவப்பட நேரம் எங்கடா இருந்துச்சு?" என்றாள்.

அடுத்த வரிசைக்குத் திரும்பினாள். நாலு செடி தள்ளிப் போனபிறகு அங்கிருந்தே சொன்னாள்.

"இப்ப நேரம் இருக்கு. இப்பக் கோவந்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலை. கோயில் திருவிழாவுக்கு ஒரு சேலை. வாசல்ல நின்னே கொடுத்துட்டு வாசல்ல நின்னே போயிருவ. ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கியா என் வீட்டுல?"

இன்னாசிக்கு மொட்டு எது இலை எது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

"அங்க நின்னு என்ன பண்ற? வெயில் ஏறுனா மொட்டு விரிஞ்சிரும். எடு."

அன்று மதியம் அவள் வீட்டில் சாப்பிட்டார். ரசமும் கருவாடும். சாயங்காலம் கிளம்பலாம் என்று எழுந்தவர் கிளம்பவில்லை. ஜெபமாலைக்குப் போன் செய்து சொன்னார். மறுநாள் காலையில் அக்காவோடு தோட்டத்துக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். அண்ணன்களைப் பற்றி அவருக்குத் தெரியாத பல விஷயங்களை அவள் சொன்னாள். மூத்தவர் நன்றாகப் படம் வரைவாராம். குவாரியில் பெரிய பாறைமேல் கரித்துண்டால் ஆட்களின் முகத்தை வரைவாராம். மறுநாள் வெடி வைத்து அதே பாறையை உடைப்பார்களாம். இளையவருக்கு இன்னாசியைவிடக் கணக்கு நன்றாக வருமாம். லாரியில் ஏற்றிய கல்லைப் பார்த்தவுடனே இத்தனை யூனிட் என்று சொல்லிவிடுவாராம்.

"எனக்குத் தெரியாதே அக்கா."

"நீ கேக்கலையே."

ஒன்பதாம் நாள் காலை இன்னாசி தோப்புக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது. விரல் நுனிகளில் பச்சைக் கறை.

ராக்கம்மாள் கீரியைக் கூண்டிலிருந்து வெளியே விட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கய்யா போயிட்டீக?"

இன்னாசி கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அப்பா விற்ற நிலத்தைச் சொன்னார். குவாரியைச் சொன்னார். பாறைமேல் வரைந்த முகங்களைச் சொன்னார். சால்வை போட்ட கூட்டத்தையும் விடாமல் சொன்னார்.  கீரி பெட்டைகளோடு தென்னை நிழலில் சீய்த்துக்கொண்டிருந்தது.

"சென்னியப்பன்கிட்ட அந்தப் பதினொண்ணைப் பத்திச் சொல்றப்ப எங்க வீட்டு நெனப்புதான் வந்துச்சு தாயி" என்றார். "ஒரு மாசமா அதுக்குள்ள குறையைத் தேடுனேன். என்னை யாரு தேடுறது? எங்க வீட்டுலயும் ஒண்ணுதான் நின்னுச்சு. அதைத்தான் எல்லாரும் பாத்தாங்க. நானும் அதைத்தான் பாத்தேன்."

ராக்கம்மாள் அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் அந்த மயிலுதான் தாயி. கோப்பை வாங்க லாயக்கு. வேற எதுக்கும் இல்ல."

"அக்கா வீட்டுல எத்தனை நாள் இருந்தீக?"

"எட்டு நாள்."

"பூ எடுத்தீகளா?"

"எடுத்தேன். கை சரியா வரல. அக்கா திட்டிக்கிட்டே இருக்கா. நாளைக்கும் வரச் சொல்லிருக்கா."

"போறீகளா?"

"போகணும்."

ராக்கம்மாள் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டாள். மயிலின் கூண்டைத் திறந்து தண்ணீர் வைத்தாள். அது ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை உயர்த்தி நின்றது. இன்றைக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

"இதை நான் நாலு வருசமா வளக்குறேன்" என்றாள். "கூடப் பொறந்தது எங்கன்னு இது ஒருநாளும் தேடிப் போனதில்லைங்கய்யா."